புது பம்ப் போட்டும் பிரஷர் ஏறாத எஸ்டீம்: ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டி 2003-ம் வருட மாருதி எஸ்டீம். 1298 சிசி, நான்கு சிலிண்டர், 16 வால்வு, எம்பிஎஃப்ஐ இன்ஜின், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை. ஒன்றே கால் லட்சம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் ஓடியிருந்தது. உரிமையாளர் பாளையங்கோட்டைக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர். மகளைக் கட்டிக் கொடுத்திருப்பது புனலூரில். அதனால் ஆலங்குளம், தென்காசி, செங்கோட்டை வழியாகப் போய், புளியரையில் ஏற்றம் ஏறி, கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவு பக்கம் இறங்குவது இந்த வண்டிக்கு வாடிக்கை. பிரச்சினை தலைகாட்டியதும் அந்த ஏற்றத்தில்தான்.

"எஸ் வளைவுல மூணாவது கியர்ல மிதிச்சா இழுக்கவே மாட்டேங்கு தம்பி. கெதக் கெதக்குன்னு வெட்டுது. காலை எடுத்துட்டு மெதுவா மிதிச்சா சரியாப் போகுது. ராத்திரின்னா இன்னும் மோசம்" என்றார்.

டவுனுக்குள் ஓட்டினால் குறை அவ்வளவாகத் தெரியாது. ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, லேசான நடுக்கம். காலையில் முதல் செல்ஃபில் பிடிக்காது, இரண்டாவதில் பிடிக்கும். மைலேஜ் குறையவில்லை, புகை இல்லை, செக் இன்ஜின் லைட்டும் எரியவில்லை.

எங்களிடம் வருவதற்கு முன் வேறு இடங்களில் நடந்த வேலைகளின் பில்களை ஒரு ஃபைலில் அழகாக அடுக்கி வைத்திருந்தார். முதலில் நான்கு பிளக். ஒரு வாரம், பத்து நாள் நன்றாக ஓடியது, மறுபடி வெட்டு. அடுத்து பிளக் வயர் செட். மறுபடி கொஞ்ச நாள் நிம்மதி. அப்புறம் பிளக்குக்கு வோல்டேஜ் தரும் காயில். பிறகு பெட்ரோல் ஃபில்டர், டேங்கில் ஊற்றும் இன்ஜெக்டர் கிளீனர், கடைசியாக டேங்கை இறக்கிப் புது பம்ப். பம்ப் போட்ட பிறகு இரண்டு மூன்று வாரம் புளியரையை ஒரு குறையும் இல்லாமல் ஏறியிருக்கிறது. அதன் பின் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். இனி இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவைத்தான் மாற்ற வேண்டும் என்று யாரோ சொன்ன பிறகு, செலவுக்குப் பயந்து எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார்.

இந்த ஃபைலை நான் வண்டியைத் திறப்பதற்கு முன்பே நிதானமாகப் படித்தேன். எந்தப் பாகத்தை மாற்றினாலும் கொஞ்ச நாள் சரியாகி, பிறகு பழையபடி ஆகிறது என்றால், மாற்றிய பாகங்கள் எல்லாம் கெட்டிருந்தன என்று அர்த்தமில்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கஷ்டப்படுத்தும் வேறு ஒன்று எங்கோ இருக்கிறது. பிளக் மாற்றினால் ஏன் சரியானது என்பதற்குக் காரணம் உண்டு. பெட்ரோல் குறைந்து காற்று கூடிய கலவையைப் பற்றவைக்க, சரியான கலவைக்குத் தேவைப்படுவதைவிட அதிக வோல்டேஜ் வேண்டும். தேய்ந்து இடைவெளி கூடிய பிளக்குக்கும் அதிக வோல்டேஜ் வேண்டும். இரண்டும் சேர்ந்தால் காயிலால் தாக்குப்பிடிக்க முடியாது. புது பிளக் வந்ததும் இரண்டில் ஒரு சுமை குறைகிறது, வண்டி ஓடிவிடுகிறது. கலவையின் குறை மட்டும் அப்படியே வளர்ந்துகொண்டிருக்கும். கொஞ்ச நாளில் அது புது பிளக்கையும் மிஞ்சிவிடும். எனவே இக்னிஷன் பக்கம் போட்ட பணம் வியாதிக்குப் போகவில்லை, வியாதியைத் தாங்கும் சக்திக்குப் போயிருக்கிறது.

இதெல்லாம் ஊகம்தான், பெட்ரோல் பிரஷர் கேஜ் போட்டுப் பார்க்கும்வரை.

முதலில் இன்ஜின்

பழைய வண்டி என்றால் பிரஷர் கேஜை எடுப்பதற்கு முன் இன்ஜினின் உடம்பைப் பார்த்துவிட வேண்டும். வால்வு ஒழுகும் இன்ஜினுக்குப் பெட்ரோல் பிரஷரைச் சரிசெய்து பயனில்லை. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர் காற்றை அழுத்தும் பலம், 12.8, 13.0, 12.6, 12.9. இந்த இன்ஜினுக்குப் புதிதில் 14 கிலோ, குறைந்தபட்சம் 12, சிலிண்டருக்கு சிலிண்டர் 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் கூடாது. வயதுக்கு இது அருமை. இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தை (வாக்கும்) அளக்கும் கேஜின் முள் ஐடிலில் ஆடாமல் நின்றது. ஆக்சிலேட்டரை உயர்த்திப் பிடித்தபோதும் வாக்கும் சரியவில்லை. எனவே சைலன்சர் பக்கம் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் அடைப்பும் இல்லை. மிஸ்ஸிங்கோடு, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல், பல மாதம் ஓடிய வண்டியில் இதைப் பார்க்காமல் விடக் கூடாது. எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்து, உள்ளே இருக்கும் தேன்கூட்டை உருக்கிவிடும்.

பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால் நான்கிலும் பீங்கான் வெளுத்திருந்தது. மூன்றாவது சிலிண்டருடையது சுண்ணாம்பு வெள்ளை. பெட்ரோல் குறைந்த கலவையின் அடையாளம் அது.

அடுத்து, எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க ஐடிலில் ஒவ்வொரு இன்ஜெக்டர் கனெக்டராக உருவினோம். பிளக் வயரை உருவிப் பார்க்கும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. கார்புரேட்டர் காலத்தில் அது சரி. எம்பிஎஃப்ஐ வண்டியில் அப்படிச் செய்தால் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குப் போகும், போக்கிடம் இல்லாத ஸ்பார்க் காயிலையோ அதை இயக்கும் இக்னைட்டரையோ கெடுக்கும், கைக்கும் ஷாக் அடிக்கும். இன்ஜெக்டரை உருவினால் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. ஒன்று, இரண்டு, நான்கை உருவியபோது ஆர்பிஎம் நன்றாக விழுந்தது. மூன்றை உருவியபோது கொஞ்சம்தான் விழுந்தது. நான்கு இன்ஜெக்டர் சுருளும் 12, 13 ஓம் அளவில் ஒன்றுபோல் இருந்தன. எனவே மின்சார ரீதியாக மூன்றாவதில் கோளாறு இல்லை. இந்த விஷயத்தைக் குறித்துக்கொண்டு தள்ளி வைத்தேன். நான்கு பிளக்குமே வெளுத்திருக்கும்போது ஒரு சிலிண்டரின் பின்னால் போவது சரியில்லை.

இன்னொரு சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிட்டோம். "இருபது பர்சன்ட் எத்தனால் கலக்கிறதுனாலதான்னு எல்லாரும் சொல்லுதாவ" என்றார் ஆசிரியர். இ-20 பெட்ரோலுக்கு, எத்தனால் கலக்காத பெட்ரோலைவிடச் சுமார் 7, 8 சதவீதம் கூடுதலாகப் பீய்ச்ச வேண்டும் என்பது உண்மை. பழைய வண்டிக்கு அது பெரிய உபகாரம் இல்லைதான். ஆனால் ஏற்றத்தில் வெட்டும் அளவுக்கு அந்த 7, 8 சதவீதம் போதாது. எத்தனால் தண்ணீரை இழுத்துப் பிரிந்திருக்கிறதா என்று பார்க்க, கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்து ராத்திரி முழுக்க அசையாமல் வைத்தோம். அடியில் தனி அடுக்கு எதுவும் சேரவில்லை.

கேஜ் சொன்னது

இந்த வண்டியில், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துத் தரும் குழாயான ரெயிலில் கேஜ் மாட்டத் தனி வால்வு கிடையாது. ரெயிலுக்கு வரும் ஹோஸைக் கழற்றி, நடுவில் ஒரு டீ போட்டுத்தான் கேஜ் இணைக்க வேண்டும். பம்புக்கு கரன்ட் விடும் ரிலேயை உருவிவிட்டு, வண்டியைத் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, பிறகு இரண்டு மூன்று முறை செல்ஃப் அடித்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிய பிறகே ஹோஸைத் தொட்டோம். தீயணைப்பான் பக்கத்தில் இருந்தது. இந்தப் படியைத் தாண்டுகிறவர்கள் முகத்தில் பெட்ரோல் வாங்கியதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதில் இருப்பது ரிட்டர்ன் லைன் உள்ள பழைய பாணி அமைப்பு. டேங்குக்குள் பம்ப், வழியில் ஃபில்டர், ரெயிலின் முனையில் ரெகுலேட்டர். தேவைக்கு மேல் வரும் பெட்ரோலை ரெகுலேட்டர் டேங்குக்கே திருப்பிவிடும். இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டிலிருந்து ஒரு வாக்கும் ஹோஸ் ரெகுலேட்டருக்குப் போகும். ஐடிலில் வாக்கும் அதிகம் என்பதால் பிரஷர் குறைவாக நிற்கும், ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் வாக்கும் போய் பிரஷர் உயரும். சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கில், இன்ஜின் நின்று பம்ப் மட்டும் ஓடும்போது 2.7 முதல் 3.1 வரை, ஐடிலில் 2.1 முதல் 2.6 வரை இருக்க வேண்டும். நிறுத்திய ஒரு நிமிடத்துக்குப் பிறகும் 2-க்கு மேல் நிற்க வேண்டும்.

எங்களுக்கு வந்தது: பம்ப் மட்டும் ஓடும்போது 2.4, ஐடிலில் 1.9. வாக்கும் ஹோஸை உருவினால் 2.4-க்கு ஏறியது. அதாவது ரெகுலேட்டர் வாக்கும்முக்குக் கட்டுப்படுகிறது. நிறுத்திய ஒரு நிமிடத்தில் அந்த 2.4-லிருந்து 2.2 வரைதான் இறங்கியது. எனவே இன்ஜெக்டர் ஒழுக்கு இல்லை, பெட்ரோல் பின்வாங்காமல் தடுக்கும் பம்பின் செக் வால்வும் பிடிக்கிறது.

இவ்வளவும் பட்டறைக்குள் நின்ற நிலையில். கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான் என்று தோன்றும். பல பேர் இங்கேயே நிறுத்திவிட்டு "பம்ப் வீக்" என்று எழுதிவிடுவார்கள். வண்டி வெட்டுவது ஏற்றத்தில். எனவே அளவும் ஏற்றத்தில்தான் எடுக்க வேண்டும். நீளமான ஹோஸ் போட்டு, கேஜை வெளியே கண்ணாடிமேல் வைப்பருக்கு அடியில் கட்டினோம். கேஜையும் பெட்ரோல் ஹோஸையும் காருக்குள் கொண்டுவரவே கூடாது. மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் முழுக்க மிதித்ததும் முள் 1.9-லிருந்து மேலே போவதற்குப் பதில் கீழே வந்தது. 1.3-ல் நின்றபோது வெட்டு தொடங்கியது. காலை எடுத்ததும் முள் ஏறியது.

1.3 என்பது எவ்வளவு குறைவு என்று கணக்குப் போட்டால் புரியும். இன்ஜெக்டர் பீய்ச்சும் அளவு பிரஷரின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும். 2.8 இருக்க வேண்டிய இடத்தில் 1.3 இருந்தால், ஈசியூ கேட்கும் பெட்ரோலில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்ச் சேராது. டவுனில் மெதுவாக ஓட்டும்போது புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் குறையைப் பார்த்து, ஈசியூ இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறந்து ஈடுகட்டிவிடும். மைலேஜ் மாறாததும் டவுனில் குறை தெரியாததும் அதனால்தான். முழுக்க மிதிக்கும்போது ஈசியூ சென்சாரைக் கேட்பதில்லை, தன்னிடம் இருக்கும் அட்டவணைப்படி பீய்ச்சும். பிரஷர் சரியாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் போட்ட அட்டவணை அது. இந்தத் தலைமுறை வண்டியில் ஃப்யூல் பிரஷர் சென்சாரும் கிடையாது, மிஸ்ஸிங்கை எண்ணிப் பார்க்கும் ஏற்பாடும் கிடையாது. செக் இன்ஜின் லைட் எரியாததில் ஆச்சரியம் இல்லை. ஈசியூ மேல் பழி போட்டவர் பாவம், ஒன்றுமறியாத ஆளைப் பிடித்திருக்கிறார்.

பிரஷர் குறைவு உறுதியானது. ஏன் குறைவு என்பதற்கு இன்னும் பதில் இல்லை.

ரெகுலேட்டர் அதிகமாகத் திருப்பிவிடுகிறதா, அல்லது வருவதே குறைவா? ரிட்டர்ன் லைனில் ரப்பர் பகுதியை ஹோஸ் கிளாம்ப் கொண்டு ஒரு கணம் அழுத்தினோம். நல்ல பம்ப் என்றால் முள் 4.5, 5 என்று பாய வேண்டும். இது 2.9-க்கு மேல் போகவில்லை. எனவே ரெகுலேட்டர் நிரபராதி. ரிட்டர்னை ஒரு கேனுக்குத் திருப்பி அளந்தோம். முப்பது விநாடியில் அரை லிட்டருக்குக் குறையக் கூடாது என்பது தொழிலில் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. வந்தது 300 மில்லிக்குச் சற்று மேல். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் பிரஷரில் வித்தியாசமே இல்லை. ஆகவே ஃபில்டரும் இல்லை.

மிச்சம் இருப்பது டேங்குக்குள் இருக்கும் பம்ப், அதன் சல்லடை, அல்லது பம்புக்கு வரும் கரன்ட். பம்ப் போட்டுச் சில மாதமே ஆகியிருந்தது. இன்னொரு தடவை டேங்கை இறக்குவதற்கு முன் கரன்ட்டை அளக்கத்தான் இருந்தேன். அதற்குள் வண்டியே வழியைக் காட்டியது.

பிரேக்கை மிதித்தால் விழும் முள்

இருட்டும் நேரத்தில் வண்டியைப் பட்டறையிலிருந்து ரோட்டுக்கு எடுக்கும்போது லைட் போட்டிருந்தோம். கேஜ் இன்னும் கண்ணாடிமேல் இருந்தது. லைட் போட்டதும் முள் 1.9-லிருந்து 1.7-க்கு வந்துவிட்டது. ரோட்டு விளிம்பில் பிரேக் மிதித்ததும் 1.4. இன்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கியது. காலை எடுத்ததும் 1.7. மறுபடி மிதித்தேன், மறுபடி விழுந்தது.

கால் பலத்தைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டர் மேனிஃபோல்டிலிருந்து வாக்கும் எடுக்கிறது, அதனால் பிரேக் மிதித்தால் ஐடில் கொஞ்சம் ஆடலாம் என்று யாரும் சொல்லலாம். சரிதான், ஆனால் திசை பொருந்தவில்லை. பூஸ்டர் வாக்கும் எடுத்தால் மேனிஃபோல்டில் வாக்கும் குறையும். வாக்கும் குறைந்தால் ரெகுலேட்டர் பிரஷரை உயர்த்தும். இங்கே பிரஷர் இறங்குகிறது. பிரேக் லைட்டின் ஃப்யூஸை உருவிவிட்டு மறுபடி மிதித்துப் பார்த்தோம். முள் அசையவே இல்லை.

இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது. பிரேக் பெடலுக்கும் பெட்ரோல் பிரஷருக்கும் சம்பந்தம் பின்பக்க பல்புகள் வழியாகத்தான். இரண்டு பிரேக் பல்பும் ஆளுக்கு 21 வாட், இரண்டும் சேர்ந்து மூன்றரை ஆம்பியர். அந்த கரன்ட் போகும் பாதையும் பம்பின் பாதையும் எங்கோ ஒன்று சேர்கின்றன, சேரும் இடம் கெட்டிருக்கிறது. பாசிட்டிவ் பக்கம் இரண்டுக்கும் தனித்தனி ஃப்யூஸ். எனவே எர்த், அதாவது கரன்ட் பாடி வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதை.

மீட்டரைப் போட்டோம். வண்டி ஐடிலில், பேட்டரியில் 13.8 வோல்ட். பம்ப் கனெக்டரில், இணைப்பைக் கழற்றாமல் பின்பக்கமாக ஊசி விட்டு அளந்தால் 10.9. வழியில் 2.9 வோல்ட் தொலைந்திருக்கிறது. பேட்டரி பாசிட்டிவிலிருந்து பம்ப் பாசிட்டிவ் வரை 0.5 இழப்பு. பம்ப் எர்த்திலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை 2.4. எர்த் பக்கம் 0.2-க்கு மேல் இருந்தாலே நான் கழற்றிப் பார்ப்பேன்.

பம்ப் எடுத்துக்கொண்டிருந்தது 4 ஆம்பியர். 2.4 வோல்ட்டை 4-ஆல் வகுத்தால் 0.6 ஓம். கேட்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். அந்த 0.6 ஓமில் கிட்டத்தட்ட 10 வாட் வெப்பமாக வீணாகிறது. சூடு ஏற ஏற அந்த இணைப்பின் தடையும் ஏறும். இருட்டில் டெயில் லைட், நம்பர் பிளேட் லைட்டின் கரன்ட்டும் அதே வழியில் சேரும்போது இழப்பு 3 வோல்ட்டைத் தாண்டும், பிரேக் மிதித்தால் இன்னும். ராத்திரி மோசம் என்று ஆசிரியர் முதலிலேயே சொன்னது இதைத்தான். காலையில் இரண்டாவது செல்ஃபில் பிடிப்பதும் இதே கணக்கு. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியே 10 வோல்ட் பக்கம் இறங்கிவிடும், அதில் பம்புக்குப் போய்ச் சேருவது எவ்வளவு என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து எர்த்தைச் சோதிக்கும் பழக்கத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கரன்ட் ஓடாதபோது, அறுந்த வயரில் நான்கு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் "நல்லா இருக்கு" என்றுதான் காட்டும். மீட்டர் வயரின் தடையே 0.2, 0.3 ஓம் இருக்கும்போது 0.6-ஐ யார் சட்டை செய்வார்கள்? பீப் சத்தம் வந்தால் போதும் என்று விட்டுவிடுவார்கள். பம்பை ஓடவிட்டு, சுமையோடு வோல்ட் இழப்பை அளந்தால்தான் உண்மை வரும். இந்த வண்டியில் முன்பு யாராவது எர்த்தைப் பார்த்திருந்தாலும் பீப் கேட்டுத் திருப்திப்பட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

உறுதிப்படுத்த, பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வைத்த தனி வயர் இரண்டை நேராகப் பம்புக்குக் கொடுத்தோம். பிரஷர் 2.9. முப்பது விநாடியில் 600 மில்லி. பம்பில் ஒரு குறையும் இல்லை.

எர்த் பாயின்ட் டிக்கியின் இடது மூலையில், கார்ப்பெட்டுக்கு அடியில் இருந்தது. போல்ட் தலையில் துரு பூத்திருந்தது. ரிங் டெர்மினலைத் தொட்டதும் பொடிந்தது. வயரின் பிளாஸ்டிக் உறை வெளியே சுத்தமாகத்தான் இருந்தது. சீவிப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சையாகி, ஒரு சாண் தூரத்துக்குப் பொடியாகியிருந்தது. தண்ணீர் இழைகளுக்கு நடுவே ஏறிப்போன அடையாளம் அது.

"இது தண்ணியில நின்ன வண்டியா அண்ணாச்சி?" என்று கேட்டேன். 2023 டிசம்பர் 17, 18 மழையில் வண்டி வண்ணார்பேட்டையில் மைத்துனர் வீட்டு வாசலில் நின்றிருந்ததாம். தாமிரபரணி ஏறி வந்தபோது சீட் மட்டத்துக்குத் தண்ணீர். ஆயில் மாற்றி, கார்ப்பெட்டைக் காயவைத்து, சீட்டைக் கழுவி எல்லாம் செய்திருக்கிறார்கள். அதற்கப்புறம் ஒரு வருடத்துக்கு மேல் வண்டி ஒழுங்காக ஓடியதால், அதைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் இது சகஜம். அரிப்பு மெதுவாகத்தான் வேலை செய்யும். வண்டி காய்ந்து, பில் கட்டி, எல்லோரும் மறந்த பிறகே வெளியே வரும்.

புது பம்ப் போட்டபோது இரண்டு மூன்று வாரம் ஏன் நன்றாக ஓடியது? டேங்கை இறக்கி ஏற்றும்போது அந்த வயர்க் கட்டை இழுத்து அசைத்திருப்பார்கள். துரு உரசி, டெர்மினல் கொஞ்ச நாள் நல்ல பிடி கொடுத்திருக்கும். எனக்குத் தோன்றும் விளக்கம் இதுதான்.

சரிசெய்ததும் மிச்சமிருந்த மூன்றாவது சிலிண்டரும்

பச்சை படிந்த பகுதி முழுவதையும் வெட்டிவிட்டு, பளபளக்கும் செம்பு வரும் இடத்திலிருந்து அதே தடிமன் வயர் சேர்த்து, சூட்டில் சுருங்கி ஒட்டும் உறை போட்டோம். பாடியில் பெயின்டைச் சுரண்டி இரும்பு தெரியும்வரை தேய்த்து, புது ரிங் டெர்மினல், புது போல்ட், மேலே வாஸ்லைன் பூச்சு. பம்புக்கு மட்டும் தனியாக இன்னொரு எர்த் வயரும் வேறு இடத்தில் கொடுத்தோம். பிரேக் லைட்டோடு இனி அதற்கு உறவு வேண்டாம். பாசிட்டிவ் பக்கம் தொலைந்த 0.5-க்குக் காரணம் பம்ப் ரிலே. திறந்தால் பாயின்ட் கருகியிருந்தது. மாற்றியதும் 0.2.

இப்போது பம்பில் 13.5 வோல்ட். பம்ப் மட்டும் ஓடும்போது 2.9, ஐடிலில் 2.4. மேம்பாலத்தில் முழு மிதியில் முள் 2.8-ல் நின்றது, பிரேக்குக்கும் லைட்டுக்கும் அசையவில்லை. வெட்டு போய்விட்டது.

ஆனால் ஐடில் நடுக்கம் முழுசாகப் போகவில்லை. இந்தக் கட்டத்தில்தான் நிறைய வண்டிகள் "சரியாயிட்டு" என்று வெளியே அனுப்பப்படுகின்றன. தள்ளி வைத்திருந்த மூன்றாவது சிலிண்டருக்குத் திரும்பினோம். கனெக்டரை உருவினால் விழும் ஆர்பிஎம் முன்பைவிடக் கூடியிருந்தது, மற்ற மூன்றுக்கும் சமமாக இல்லை. நான்கு இன்ஜெக்டரையும் கழற்றிச் சோதனை மேடையில் ஒரே பிரஷரில், ஒரே நேரம் பீய்ச்சவிட்டோம். 52, 51, 43, 52 மில்லி. மூன்றாவது ஆறில் ஒரு பங்கு குறைவு. பீய்ச்சலும் விசிறியாக விரியாமல் ஒரு பக்கம் கோடு போட்டது. உள்ளே நுழையும் வாயில் இருக்கும் குட்டிச் சல்லடையில் செங்கல் நிறத்தில் துருப்பொடி. டேங்கில் ஊற்றிய கிளீனர் துருவைக் கரைக்காது. அந்த பில்லும் அதனால்தான் வீண்.

அல்ட்ராசோனிக்கில் போட்டுக் கழுவி, நான்குக்கும் புதுச் சல்லடை, புது ஓ-ரிங் போட்டோம். மூன்றாவது 50-க்கு வந்தது. மற்றவற்றோடு இவ்வளவு வித்தியாசம் பரவாயில்லை. துரு எங்கிருந்து வந்தது என்று பார்க்க டேங்கை இறக்கினோம். அடியில் மெல்லிய துருப்படலம். கழுவி, பம்ப் சல்லடையையும் மாற்றினோம். வெள்ளம் டேங்குக்குள்ளும் கொஞ்சம் போயிருக்க வேண்டும்.

மூன்றாவது சிலிண்டர் மட்டும் அதிகமாக வெளுத்திருந்ததற்கு விளக்கம் இப்போது முழுமையாகிறது. பிரஷர் குறைந்தது நான்குக்கும் பொது. மூன்றாவதுக்கு இன்ஜெக்டர் அடைப்பு கூடுதல். முதலில் மிஸ் ஆனது அது. இன்ஜெக்டரை மட்டும் கழுவியிருந்தால் ஐடில் சீராகி, ஏற்றத்தில் வெட்டியிருக்கும். எர்த்தை மட்டும் சரிசெய்திருந்தால் இப்போது பார்த்த மாதிரி நடுங்கியிருக்கும்.

வெள்ளம் பட்ட வண்டி என்று தெரிந்த பிறகு மற்ற எர்த் பாயின்ட்களையும் சுமையோடு அளந்தோம். இன்ஜின் பிளாக் பட்டை, ஈசியூ எர்த் இரண்டிலும் 0.05-க்குள்தான் இருந்தது. அவை உயரத்தில் இருப்பதால் தப்பித்திருக்கின்றன. இடது ஹெட்லைட்டின் எர்த்தில் 0.9. பாளையங்கோட்டையில் யாரோ "பல்பு டல்லா இருக்கு" என்று சொல்லி, அதற்கும் ஒரு பில் ஃபைலில் இருந்தது.

கழற்றிய பழைய பம்ப், காயில், பிளக் வயர், பிளக் எல்லாவற்றையும் ஆசிரியர் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு டிக்கியில் வைத்திருந்தார். பழைய பம்பை ஒரு வாளிப் பெட்ரோலில், சரியான வோல்டேஜ் கொடுத்து ஓட்டினோம். 2.8 கொடுத்தது. மாற்ற வேண்டிய அவசியமே இருந்திருக்கவில்லை. பிறகு பழைய காயில், பழைய பிளக் வயர், 1.1 மில்லிமீட்டர் இடைவெளிக்குத் தேய்ந்த பழைய பிளக் எல்லாவற்றையும் மாட்டி, லைட்டும் ஏசியும் போட்டு, மூன்றாவது கியரில் முழு மிதியில் மேம்பாலம் ஏற்றினோம். ஒரு வெட்டு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆசிரியர் ஃபைலைத் திறந்து பிளக், வயர், காயில், பம்ப் பில்களைக் கூட்டிக்கொண்டிருந்தார். பட்டறைக்கு வந்ததும் புது பிளக்கையும் புது வயரையும் திரும்ப மாட்டினோம். பழைய பம்பைத் துணியில் சுற்றி ஸ்பேராக வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டோம்.